பரணில் தூங்கும் வால்வு ரேடியோ! எடைக்குப் போடும் முன் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்

பழைய சாமான்களை ஒழித்துக்கட்டும் காலம் இது. தாராவியில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான வீடு வீடான கணக்கெடுப்பு 2024-ம் ஆண்டு தொடங்கியது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டிடங்களை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்புகிறார்கள். வீடு மாறப்போகிறவர்கள் முதலில் கைவைப்பது பரணில்தான். மும்பை வழக்கில் சொன்னால் "மாளா".

அங்கே என்ன இருக்கும்? கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, ஊரில் இருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டி, கை உடைந்த தொட்டில். அவற்றுக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி, ஒரு மர ரேடியோ.

அண்டாவை யாரும் எடைக்குப் போடுவதில்லை. ரேடியோவைப் போட்டுவிடுகிறார்கள். பங்கார்வாலா அதை வாங்குவது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. டிரான்ஸ்பார்மரில் செம்புக் கம்பி உண்டு. ஸ்பீக்கரில் காந்தம் உண்டு. அடித்தகடு இரும்பு. மரப்பெட்டிக்கு விலையே கிடையாது. அது உடைத்து எறியப்படும்.

அப்படிக் கொடுத்துவிட்டு வருந்தியவர்களில் இந்தக் கட்டுரையை எழுதும் நானும் ஒருவன்.

தாத்தாவின் மர்பி

என் தாத்தா நெல்லைச் சீமையில் இருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். சீட்டுப் பணம் எடுத்து ஒரு மர்பி ரேடியோ வாங்கினார். அந்த நாளில் ரேடியோ வைத்திருந்தால் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 15 ரூபாய். 1980-களின் நடுப்பகுதியில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ரேடியோதான் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வீடு மாறியபோது, நான் டியூட்டியில் இருந்த நேரத்தில் அது எடைக்குப் போய்விட்டது. மறுநாள் தகவல் தெரிந்து 13-ம் காம்பவுண்டுக்கு ஓடினேன். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. எடை போட்டு வாங்கினார், பிரித்துவிட்டார். ஸ்பீக்கர் ஒரு சாக்கில், செம்பு இன்னொரு சாக்கில். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு திருகு. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

மர்பி என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி 1929-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டதுதான். ஆனால் நம் வீடுகளில் இருந்த மர்பி ரேடியோக்கள் தயாரானது பக்கத்துத் தானேயில். அந்த மர்பிக் குழந்தையின் காலண்டர் மாட்டாத டீக்கடை கிடையாது. 2012-ல் வந்த "பர்பி" இந்திப் படத்தில் கதாநாயகனுக்கு இந்த ரேடியோவின் பெயரையே வைத்தார்கள். மும்பையின் நேஷனல் எக்கோ, புஷ், பிலிப்ஸ் என்று வேறு பெயர்களும் உண்டு. உள்ளே எரிந்த வால்வுகளில் கணிசமானவை பெங்களூரில், 1954-ல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தயாரானவை.

இந்தப் பெட்டிகளில்தான் நம்மவர்கள் இலங்கை வானொலி கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் அமைக்கப்பட்ட ஒலிபரப்புச் சாதனங்கள் போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. அவ்வளவு சக்தி இருந்ததால் கொழும்புக் குரல் மும்பை வரை தெளிவாக வந்து சேர்ந்தது. 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்ததும் நாடே கொழும்பின் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபர் 3-ந் தேதி விவிதபாரதி தொடங்கிய பிறகும் தமிழர்கள் இலங்கையை விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைக் கேட்டதும் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் தாராவியில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் சரி, இப்போது அந்த ரேடியோவில் என்ன வரும்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ந் தேதியோடு வானொலி ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. அகில இந்திய வானொலியும் பழைய மத்திய அலைக் கோபுரங்களைப் படிப்படியாக மூடி வருகிறது. எஞ்சியிருப்பதைப் பிடிக்கலாம் என்றால் எல்.இ.டி. விளக்கும் மொபைல் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலில் பாதி காணாமல் போகிறது. ரேடியோவாக மட்டும் பார்த்தால் அந்தப் பெட்டிக்கு வேலை குறைவுதான்.

பின்பக்கத்தில் இரண்டு துளைகள்

ஆனால் அது ரேடியோ மட்டும் அல்ல. அந்தப் பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ஏரியல், எர்த் சாக்கெட்டுகளுக்கு அருகில் இன்னும் இரண்டு துளைகள் இருக்கும். "பி.யு." என்றோ, "கிராம்" என்றோ எழுதியிருக்கும். சிலவற்றில் ஓர் இசைத்தட்டுப் படம் மட்டும் இருக்கும். "பி.யு." என்றால் பிக்-அப். கிராமபோன் தட்டின் ஊசியில் இருந்து வரும் கம்பியைச் செருகுவதற்காக வைத்த இடம். அந்த நாளில் தனியாக ஆம்பிளிபயர் வாங்க வசதி இல்லாதவர்கள் ரேடியோவையே ஆம்பிளிபயராக வைத்துத் தட்டுப் பாட்டுக் கேட்டார்கள்.

அந்தத் துளைகளில் இன்றைக்கு மொபைல் போன் பாட்டைக் கொடுக்கலாம்!

வால்வு ரேடியோவில் சாதாரணமாக ஐந்து வால்வுகள் இருக்கும். முதல் இரண்டும் நிலையத்தைப் பிடிக்கும் வேலை பார்ப்பவை. பி.யு. வழியாகப் பாட்டு வரும்போது அவற்றுக்கு வேலையே இல்லை. ஒலியைப் பெருக்கும் வால்வு, ஸ்பீக்கரை இயக்கும் வால்வு, மின்சாரத்தை நேராக்கும் வால்வு ஆகிய மூன்று மட்டும் உயிரோடு இருந்தால் போதும். அதாவது, ரேடியோவாகச் செத்துப்போன பெட்டிகூடப் பாட்டுப் பெட்டியாகப் பிழைத்துக்கொள்ளும். இந்த விஷயம் தெரியாமல்தான் பலர் "அது ரிப்பேர், ஒன்றும் வராது" என்று எடைக்குப் போடுகிறார்கள்.

செம்பூர் பெரியவரின் பிலிப்ஸ்

எனக்கே இது தெரிய வந்தது அண்மையில்தான். மாட்டுங்கா ரெயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள். மூன்று வாரத்தில் வாடகை வீட்டுக்குப் போயாக வேண்டும். அவருடைய பிலிப்ஸ் ரேடியோ முப்பது ஆண்டுகளாகப் பேசவில்லை.

"புது வீடு சின்னது தம்பி. இதை எங்கே வைக்க? பையன் கொடுத்துருங்கப்பாங்கான். நீ எடுத்துட்டுப் போறியா?" என்றார்.

எனக்கு என் தாத்தாவின் திருகு ஞாபகம் வந்தது. "ஒரு வாரம் டைம் கொடுங்க தாத்தா" என்று சொல்லி டாக்சியில் ஏற்றி மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். இப்போது மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறார். வால்வு ரேடியோவைப் பார்த்ததும் கையில் இருந்த மிக்சி ஜாரைக் கீழே வைத்துவிட்டார்.

முதுகைக் கழற்றியதும் அவர் பிளக்கைச் செருகவில்லை. தூசி ஊதினார். பிறகு ஒவ்வொரு வால்வையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வால்வின் கண்ணாடி உச்சியில் வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளப்பு இருந்தால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது. அது பால்போல் வெளுத்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

முதல் வால்வு வெளுத்திருந்தது. "இது போயிட்டு தம்பி. இனி ஸ்டேஷன் பிடிக்காது" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்து, "நமக்கு இது வேண்டாம்லா. இ.எல். 84 நல்லா இருக்கு, அது போதும்" என்று சிரித்தார்.

இந்த இ.எல். 84 என்பது ஸ்பீக்கரை இயக்கும் வால்வு. இதை இப்போதும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷியாவிலும் தயாரிக்கிறார்கள். கிதார் ஆம்பிளிபயர்களுக்குத் தேவைப்படுகிறதாம்! ஆகவே கெட்டுப்போனாலும் வாங்கலாம். மற்ற வால்வுகளுக்குப் பழைய இருப்பைத்தான் லாமிங்டன் ரோட்டிலும் சோர் பஜாரிலும் தேட வேண்டும்.

அடுத்து கன்டென்சர்கள். வால்வுக்கு ஆயுசு கெட்டி, கன்டென்சருக்கு இல்லை. காகிதம் சுற்றிய பழைய கன்டென்சர் நாளடைவில் ஈரம் பிடித்துக் கசியும். அதிலும் இ.எல். 84-க்கு ஒலியைக் கொண்டு கொடுக்கும் கன்டென்சர் கசிந்தால் அந்த வால்வு சிவந்து கொதிக்கும். அதோடு ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகும். அந்த டிரான்ஸ்பார்மர் போனால் வேலை கஷ்டம். அண்ணாச்சி அந்த ஒன்றையும், மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கன்டென்சர்கள் இரண்டையும் மாற்றினார். விலை அற்பம். பரணில் இருந்து இறக்கிய ரேடியோவை ஆசையில் நேராக பிளக்கில் செருகிப் பார்க்கிறவர்கள்தான் நல்ல பெட்டியைக் கொன்றுவிடுகிறார்கள் என்று அவர் சொன்னார்.

அவர் செருகிய விதம் வேறு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வழியில் சேர்த்து, அதன் மூலம் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து மங்கினால் நல்ல சகுனம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இதற்காகவே பழைய பல்புகள் நாலைந்தை அவர் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

பல்பு எரிந்தது. மங்கியது. வால்வுகள் செம்மஞ்சளாகக் கனலத் தொடங்கின. அரை நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல். பி.யு. துளையில் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்தார். "ர்ர்ர்" என்று பெரிதாக உறுமியது. "உயிர் இருக்கு" என்றார்.

மொபைல் இணைப்புக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்கினோம். போனில் பாட்டு இடது, வலது என்று இரண்டாக வரும். ரேடியோவுக்கு ஒன்றுதான் வேண்டும். இரண்டு கம்பிகளையும் சும்மா முறுக்கிச் சேர்க்கக்கூடாது. ஒவ்வொன்றிலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்துச் சேர்க்க வேண்டும். முன்பக்கத்து பேண்ட் திருகை "பி.யு."வில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

என்ன பாட்டு வைப்பது என்று கேட்டேன். "காருகுறிச்சியாரை வை" என்றார் அண்ணாச்சி. 1962-ல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதசுரம் வாசித்த பாட்டு. நெல்லைக்காரருக்கு வேறு எது தோன்றும்?

எந்தப் பாட்டுக்கு எந்தப் பெட்டி?

அந்தப் பாட்டை நான் மொபைலிலும் ரெயிலில் இயர்போனிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது வேறு மாதிரி இருந்தது. நாதசுரம் கீச்சிடவில்லை. ஜானகியின் குரல் பெட்டிக்குள் இருந்து வரவில்லை, பெட்டிக்கு முன்னால் நின்றது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 1950-களிலும் 60-களிலும் நம் சினிமாப் பாட்டுகள் ஒரே தடத்தில், மோனோவாகப் பதிவானவை. அவற்றை மக்கள் கேட்டதும் இத்தகைய பெட்டிகளில்தான். குரல்தான் முன்னால், வாத்தியம் பின்னால். வால்வு ரேடியோவின் சக்தி நாலைந்து வாட்தான். ஆனால் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ஸ்பீக்கரில் இல்லாத இரண்டு இதில் உண்டு. பெரிய காகிதக்கூம்பு ஸ்பீக்கர் ஒன்று, அது மூச்சு விட இடம் கொடுக்கும் மரப்பெட்டி இன்னொன்று. டி.எம். சவுந்தரராஜன், சுசீலா பாட்டுகளுக்கும், கச்சேரிக்கும், பேச்சுக்கும் அது தாராளம்.

புதுப் பாட்டுக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய படப் பாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தோம். அடிக்கும் டிரம் சத்தத்தில் பெட்டி திணறியது. சலங்கை, சிஞ்சா போன்ற மெல்லிய உச்ச ஒலிகளும் மழுங்கித்தான் கேட்கும். கரண்டும் ஒரு குண்டு பல்பு அளவுக்கு இழுக்கும். இவை குறைகள்தான்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலவகை வால்வு ரேடியோக்கள் உயிருக்கே ஆபத்தானவை. கல்கத்தா போன்ற நகரங்களில் ஒரு காலத்தில் டி.சி. மின்சாரம் இருந்தது. அதனால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் ரேடியோக்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மின்சாரத்தின் ஒரு முனை நேராக அடித்தகட்டில் இணைந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் தகடு முழுக்க ஷாக். அந்த ரேடியோவில் மொபைல் கம்பியைச் செருகிக் காதில் போன் வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடையாளம் வால்வின் பெயரில் இருக்கிறது. இ.எல். 84, இ.இசட். 80 என்று "இ" எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோ. யூ.எல். 84, யூ.ஒய். 85 என்று "யூ"வில் தொடங்கினால் டிரான்ஸ்பார்மர் இல்லாதது. அதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பி.யு. பக்கம் போகாதீர்கள். "இ" வால்வு இருந்தும் மின்சாரத்தைப் பிரிக்காத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் போட்ட ரேடியோக்களும் உண்டு. ஆகவே பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், பிளக்கின் முனைகளுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை ஒரு மெக்கானிக் மீட்டர் வைத்துச் சோதித்துச் சொன்ன பிறகே கம்பி செருக வேண்டும்.

எந்த வால்வு ரேடியோவிலும் உள்ளே 250 வோல்ட் அளவுக்கு ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கன்டென்சரில் அது தங்கியிருக்கும். பள்ளியில் படிக்கும் தம்பிகள் யூடியூப் பார்த்துத் திறந்துவிட வேண்டாம்.

கரண்ட் இல்லாத ஊருக்காகச் செய்த பேட்டரி வால்வு ரேடியோவும் சிலரிடம் இருக்கலாம். அதன் வால்வுகள் "டி" எழுத்தில் தொடங்கும். அதற்கான 90 வோல்ட் பேட்டரி இப்போது கடையில் கிடைப்பதில்லை.

டூ-இன்-ஒன்னும் பியஸ்டாவும்

வால்வு ரேடியோ இல்லாத வீட்டிலும் டூ-இன்-ஒன் இருக்கும். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் தோளில் சுமந்து வந்தது. கேசட் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் இளகிப் போயிருக்கும். அதை மாற்றினால் ஓடும். கேசட்டே வேண்டாம் என்பவர்கள் அதன் முதுகில் ஐந்து துளை உள்ள வட்டமான சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அது வெளியில் இருந்து பாட்டுக் கொடுக்கும் வழி. இதில் ஷாக் பயமும் குறைவு.

எச்.எம்.வி. "பியஸ்டா" தட்டுப் பெட்டி சில வீடுகளில் இருக்கிறது. பழைய 45 சுற்றுத் தட்டுகளுக்கு அது இன்றும் போதும். ஊசியின் பாரம் அதிகம் என்பதால் இப்போது விலை கொடுத்து வாங்கும் புதுத் தட்டுகளை அதில் ஓட்டாமல் இருப்பது நல்லது. கல்கத்தாவின் சோனோடைன் ஸ்பீக்கர்கள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடாதீர்கள். ஸ்பீக்கர் விளிம்பு நைந்திருந்தாலும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

சோர் பஜாரில் மட்டன் தெரு வழியாகப் போனால் பாலிஷ் போட்ட மர ரேடியோக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சினிமா செட்டுக்கும் ஓட்டல் அலங்காரத்துக்கும் வாங்கிப் போகிறார்கள். அங்கே கேட்கும் விலைக்கும், நம் வாசலில் பங்கார்வாலா கொடுக்கும் காசுக்கும் சம்பந்தமே கிடையாது. விற்பதென்றாலும் விசாரித்துவிட்டு விற்கலாம்.

மீண்டும் செம்பூரில்

பிலிப்ஸ் ரேடியோவைத் திருப்பிக் கொண்டு போனபோது பெரியவர் வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. மகன் கொஞ்சம் சலித்துக்கொண்டார். "திரும்பவும் கொண்டு வந்துட்டீங்களா சார்?" என்றார்.

பெரியவர் பாட்டு வரும்வரை காத்திருக்கவில்லை. விளக்கு எரிந்ததும் பேண்ட் திருகை பி.யு.வில் இருந்து சிற்றலைக்குத் திருப்பினார். பிறகு நிலையத் திருகைப் பிடித்து, டயலில் முள்ளை மெல்ல நகர்த்தினார். முப்பது வருடம் ஆகியும் கைக்கு இடம் தெரிந்திருந்தது. உறுமல் மட்டும்தான் வந்தது.

"முதல் வால்வு போயிட்டு தாத்தா. கொழும்பு கிடைக்காது" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். பிறகு அவரே திருகை பி.யு.வுக்குத் திருப்பினார். நான் போனில் நாதசுரத்தை வைத்தேன். உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஆச்சி கையில் பழைய பேப்பரோடு வந்து வாசலில் நின்றார். "சத்தத்தைக் கூட்டி வையுங்க" என்றார்.

வாடகை வீட்டில் இப்போது அது டி.வி.க்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. இடம் ஒதுக்கியவர் மருமகள். போனில் பாட்டு வைத்துக் கொடுப்பது பேத்தியின் வேலை.

அந்த பிலிப்சில் ஒரு திருகு குறைந்தது. என் தாத்தாவின் மர்பித் திருகைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அண்ணாச்சி தம் பெட்டியில் இருந்து வேறொன்றைத் தேடிப் போட்டார். மர்பித் திருகு என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ மர்பி வைத்திருப்பவர்களுக்குத் திருகு குறைந்தால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.